துளி நீருக்குள் யார் யாருக்குச் சாப்பாடு?

வாசகர் கேள்வி – பதில்

வந்த கேள்விகளில் தண்ணீருக்குள் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறோம். பதில்களில் அடிக்கடி மைக்ரான் வரும்: ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.

கே: பாசியைச் சிறுபூச்சி தின்னும், பூச்சியை மீன் தின்னும், செத்ததை பாக்டீரியா மட்கச் செய்யும் என்றுதான் படித்தோம். பாக்டீரியாவுக்கு அந்தக் கடைசி வேலை மட்டும்தானா?

ப: அந்தப் படம் தப்பில்லை, பாதிதான் வரைந்திருக்கிறார்கள்.

நுண்பாசி ஓர் ஓட்டைப் பானை. வெயிலில் தயாரிக்கும் சர்க்கரை, அமினோ அமிலம் போன்றவற்றில் ஒரு பங்கு, அது உயிரோடு இருக்கும்போதே வெளியே கசிந்துவிடும். கோப்பிபாட் என்னும் குட்டி ஓட்டுடலி பாசியைக் கடிக்கும்போது சிந்துவது, அதன் கழிவிலிருந்து கரைவது, வைரஸ் தாக்கி வெடித்த செல்லிலிருந்து கொட்டுவது என்று இன்னும் பல வழிகள் உண்டு. இப்படிக் கரைந்து நிற்கும் கரிமப் பொருளை மீனாலும் பூச்சியாலும் பெரிதாகப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. வாயே இல்லாத பாக்டீரியா உடம்பு முழுக்க உறிஞ்சும். உருவம் சிறுக்கச் சிறுக்கப் பருமனோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு கூடும் என்பதால், மிகமிக நீர்த்த கரைசலிலிருந்தும் அதனால் உணவை இழுக்க முடிகிறது.

அந்த பாக்டீரியாவைக் கசையிழை உயிரி, அதாவது சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒற்றைச் செல் உயிரி, தின்னும். கசையிழை உயிரியைக் குறுயிழை உயிரி, அதாவது உடம்பில் குட்டி இழைகள் கொண்ட இன்னொரு ஒற்றைச் செல் உயிரி, தின்னும். அதைக் கோப்பிபாட் தின்னும். சங்கிலியிலிருந்து நழுவிய கார்பன் இப்படிப் பக்கவாட்டில் திரும்பி வருகிறது. கடலின் உணவோட்டத்தில் நுண்ணுயிர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று லாரன்ஸ் பொமராய் 1974-இல் எழுதினார். 1983-இல் ஃபாரூக் ஆசாமும் அவரோடு எழுதியவர்களும் இதற்கு 'நுண்ணுயிர்ச் சுழல்' என்று பெயர் வைத்தார்கள்.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் மீனுக்கு நல்ல லாபம்' என்று நினைப்பது வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்டீரியா 100 கிராம் கார்பனை உறிஞ்சினால் பெரும்பகுதியை மூச்சாக விட்டுவிட்டு 25 கிராமை உடம்பாக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைச் செல் உயிரிகள் தின்றதில் ஏறக்குறைய 30 சதவீதத்தை உடம்பாக்கும். ஆக, கசையிழை உயிரியில் 7.5 கிராம், குறுயிழை உயிரியில் 2.25 கிராம். கோப்பிபாட்டுக்கும் அதே தாராளத்தைக் காட்டினாலும் ஒரு கிராம் தேறாது. மீனின் வாய் இன்னும் ஒரு படி தள்ளி இருக்கிறது.

சுழலின் உண்மையான லாபம் கார்பனில் இல்லை, உரத்தில் இருக்கிறது. பாக்டீரியாவின் உடம்பில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் செறிவு. அதைத் தின்ற கசையிழை உயிரி, வேண்டியது போக மீதியை அம்மோனியாவாகவும் பாஸ்பேட்டாகவும் வெளியே விடும். பக்கத்தில் இருக்கும் பாசி அதை உடனே எடுத்துக்கொள்ளும். உரம் எதுவும் வந்து சேராத நடுக்கடலில் பாசி தொடர்ந்து வளர்வதில் பெரும்பங்கு இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு உண்டு.

கே: இடையில் இத்தனை பேர் எதற்கு? மீன்குஞ்சு நேராக பாக்டீரியாவைத் தின்றால் என்ன?

ப: உருவ அளவு விடாது. நீரில் மிதக்கும் பாக்டீரியா பெரும்பாலும் 0.2 முதல் 1 மைக்ரான் வரை. கசையிழை உயிரி 3 முதல் 10. குறுயிழை உயிரி 20 முதல் 100. ரோட்டிஃபர் என்னும் பல செல் நுண்பிராணி 100 முதல் 300. கோப்பிபாட் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். தின்பவர் பெரும்பாலும் தின்னப்படுபவரைப் போலப் பத்து மடங்கு இருப்பார். அதைவிடச் சிறியதைப் பிடிக்கச் செலவாகும் சக்தி, பிடித்தால் கிடைக்கும் சக்தியைத் தாண்டிவிடும். சல்லடையின் கண்ணைக் குறுக்கினால் தண்ணீர் உள்ளே புகாது என்பது அந்த அளவில் பெரிய சிக்கல். நுண்ணுயிருக்குத் தண்ணீர் நமக்குத் தேன் போல.

விதிவிலக்குகள் உண்டு. டாஃப்னியா என்னும் நன்னீர்க் குட்டி ஓட்டுடலியின் கால் சல்லடை 1 மைக்ரானை ஒட்டிய துணுக்கையும் பிடிக்கும். அதனால் நன்னீர்க் குளத்தில் பாக்டீரியாவிலிருந்து மீனுக்குக் குறுக்குவழி கிடைக்கிறது. கடலில் ஒய்கோப்ளூரா என்னும் குட்டிப் பிராணி சளியால் வீடு கட்டி, அதையே வடிகட்டியாக வைத்துக்கொண்டு பாக்டீரியாவைச் சேர்க்கிறது. கடற்பஞ்சும் இதில் கெட்டி.

கே: கல்லூரிச் செயல்திட்டத்துக்கு 20 மைக்ரான் வலையை இழுத்து நீரில் உள்ள பிளாங்க்டனை, அதாவது மிதவை உயிர்களை, கணக்கெடுத்தோம். நீள நீளமான டயாட்டம் என்னும் நுண்பாசிதான் அதிகம் வந்தது. அப்படியே அறிக்கையில் எழுதலாமா?

ப: 'வலையில் சிக்கியவற்றில் டயாட்டம் அதிகம்' என்று எழுதலாம். 'நீரில் டயாட்டம் அதிகம்' என்று எழுதக் கூடாது. 20 மைக்ரானுக்குக் கீழே உள்ள பாசியும் கசையிழை உயிரிகளும் கண் வழியே போய்விட்டன. பாக்டீரியாவைப் பற்றிப் பேச்சே இல்லை. அது மட்டுமல்ல, இழுக்க இழுக்க வலை அடைத்துக்கொள்ளும். எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது என்பது தெரியாமல் போகும். வலை வகை பார்க்க நல்லது, எண்ணிக்கைக்கு உதவாது.

எண்ண வேண்டுமானால் முழுத் தண்ணீராக 1 லிட்டர் எடுங்கள். எடுத்ததில் ஒரு சொட்டை முதலில் உயிரோடு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். அயோடின் போட்டபின் பச்சை, நீலப்பச்சை, பொன்பழுப்பு எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும், நீந்துவதும் நின்றுவிடும்.

பிறகு மாதிரி கெடாமல் காக்க லூகால் என்னும் அயோடின் கரைசல். 10 கிராம் அயோடின், 20 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 200 மில்லி காய்ச்சி வடித்த நீர், 20 மில்லி அடர் அசிட்டிக் அமிலம். அயோடைடைக் கொஞ்சம் நீரில் முதலில் கரைத்துவிட்டுத்தான் அயோடினைப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் அயோடின் கரையாமல் அடியில் கிடக்கும். 100 மில்லி மாதிரிக்கு ஏறக்குறைய 1 மில்லி, அதாவது பால் விடாத இளந்தேநீர் நிறம் வரும் வரை ஊற்றுங்கள். அடர் நிறமாகிவிட்டால் உள்ளுறுப்பு எதுவும் தெரியாது. கண்ணாடிப் புட்டியில் இருட்டில் வையுங்கள்; பிளாஸ்டிக் அயோடினை உறிஞ்சும், வெளிச்சம் அதை வெளுக்கும். நிறம் வெளுத்தால் இன்னும் சில சொட்டு விடுங்கள். ஃபார்மலின் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் கோப்பிபாட், டாஃப்னியாவுக்கு அது போதும். மெல்லிய கசையிழை உயிரிகளும் குறுயிழை உயிரிகளும் அதில் வெடித்துக் காணாமல் போகும்.

மாதிரியை உயரமான அளவுக் குடுவையில் ஊற்றி, அசையாத இடத்தில் 48 மணி நேரமாவது வையுங்கள். மேல்நீரை மெல்லிய குழாயால், முனையை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வைத்து, நிதானமாக உறிஞ்சி எடுத்து 20 மில்லியாகக் குறையுங்கள். அதிலிருந்து 1 மில்லியை, செல்களை எண்ணப் பயன்படும் செட்ஜ்விக்–ராஃப்டர் அறையில் விட வேண்டும். அது 50 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம்; அடியில் ஆயிரம் கட்டம். மூடு கண்ணாடியைக் கோணலாக வைத்து, ஒரு மூலையில் நிரப்பினால் எதிர்மூலை வழியே காற்று வெளியேறும். நேராக மூடிவிட்டுப் பிறகு நிரப்பினால் குமிழி நிற்கும், குமிழி நின்றால் 1 மில்லி என்ற கணக்கே பொய். 15 நிமிடம் படியவிட்டு எண்ணுங்கள். 40 மடங்கு லென்ஸைக் கீழே இறக்காதீர்கள்; அறையின் தடிமனால் கண்ணாடி நொறுங்கும். 10 மடங்கு லென்ஸ் போதும்.

கணக்கு இப்படி: பத்துக் கட்டத்தில் 45 செல் என்றால் கட்டத்துக்கு 4.5. ஆயிரம் கட்டத்துக்கு 4,500. இது 1 லிட்டரை 20 மில்லியாக்கிய, அதாவது 50 மடங்கு செறிவாக்கிய நீர். 50-ஆல் வகுத்தால் மில்லிக்கு 90 செல். உண்மையில் பத்துக் கட்டம் போதாது. அறையின் ஓரமும் நடுவும் ஒரே மாதிரி படியாது என்பதால் அங்கங்கே தேர்ந்து, மொத்தம் 400 செல்லாவது வரும் வரை எண்ணுவது நல்லது.

கே: வலையிலும் சிக்காது, 10 மடங்கு லென்ஸிலும் தெரியாது என்றால் மில்லிக்கு இத்தனை லட்சம் பாக்டீரியா என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ப: நெடுங்காலம் தப்பாகத்தான் சொன்னார்கள். சத்துக் கூழ்மத் தட்டில் நீரைத் தடவி, முளைக்கும் புள்ளிகளை எண்ணும் முறையில் கடல்நீர் பாக்டீரியாவில் நூற்றில் ஒன்றுகூட முளைப்பதில்லை. பட்டினியில் வாழப் பழகியவற்றுக்கு அந்தக் கூழ்மம் அளவு மீறிய விருந்து. 1977-இல் ஹாபியும் உடன் பணியாற்றியவர்களும் 0.2 மைக்ரான் துளை கொண்ட தட்டையான வடிகட்டியில் நீரை இறக்கி, அக்ரிடின் ஆரஞ்சுச் சாயம் ஏற்றி, ஒளிரும் புள்ளிகளை எண்ணிக் காட்டினார்கள். 1980-இல் டாபி என்னும் நீல ஒளிர்சாயம் வந்தது. கடலின் மேல்மட்ட நீரில் மில்லிக்கு ஏறத்தாழ 10 லட்சம் என்ற கணக்கு இப்படித்தான் உறுதியானது.

செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு அளக்கும் கருவியைக் கப்பலில் ஏற்றியபோது இன்னொரு ஆச்சரியம். 1980-களில் சாலி சிஷோமும் ராபர்ட் ஓல்சனும் கண்ட புரோகுளோரோகாக்கஸ், 0.6 மைக்ரான் அளவே உள்ள ஒளிச்சேர்க்கை பாக்டீரியா. வெப்பக்கடல் நீரில் மில்லிக்கு ஒரு லட்சம் வரைகூட இருக்கும். உலகில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் இதை மிஞ்ச ஆளில்லை. அதுவரை அது சாதாரண பாக்டீரியாவாகவே எண்ணப்பட்டு வந்தது. அதன் பச்சையத்தின் ஒளிர்வு அவ்வளவு மங்கல்.

கே: கடல்நீரில் வைரஸும் இருக்கிறதாமே, குளித்தால் ஆபத்தா?

ப: மில்லிக்கு ஏறத்தாழ ஒரு கோடி இருக்கிறது. மிகப் பெரும்பாலானவை பாக்டீரியாவையும் பாசியையும் மட்டுமே தாக்கத் தெரிந்தவை. மனிதச் செல்லுக்கு அவற்றிடம் சாவி இல்லை. சாக்கடை கலக்கும் கரையில் வருகிற நோய் வேறு கதை. உணவு வலையில் இந்த வைரஸ்களின் வேலை பெரிது. பாக்டீரியா வெடித்தால் அதன் உடம்பு கசையிழை உயிரிக்குப் போகாமல் மறுபடி கரைந்த உணவாகி, அடுத்த பாக்டீரியாவுக்கே போகும்.

கே: 'யாரை யார் தின்கிறார்' என்பதைப் பள்ளி மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட எளிய வழி?

ப: புல் ஊறல். பழைய சோதனைதான், இதைவிட நல்லது இல்லை.

காய்ந்த புல் அல்லது வைக்கோல் 10 கிராமை நறுக்கி 1 லிட்டர் நீரில் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஆறியதும் துணியில் வடித்து இரண்டு ஜாடிகளில் பாதி பாதியாக ஊற்றுங்கள். ஒன்றில் அடிவண்டலோடு குளத்து நீர் 50 மில்லி சேருங்கள். மற்றதில் எதுவும் வேண்டாம். இரண்டையும் மெல்லிய துணியால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், நீரின் மேலே படியும் ஏட்டிலிருந்து ஒரு சொட்டும் அடியிலிருந்து ஒரு சொட்டும் எடுத்துப் பாருங்கள்.

ஓரிரு நாளில் தண்ணீர் பால்போல் கலங்கும்: பாக்டீரியா. மூன்றாம் நாள் வாக்கில் துடித்துத் துடித்து ஓடும் பொடிப்புள்ளிகள் வரும்: கசையிழை உயிரிகள். அடுத்துச் சிறுநீரக வடிவில் உருளும் கோல்போடா. ஒரு வாரத்தை ஒட்டிச் செருப்பு வடிவ பாரமீசியம், தண்ணீர் மெல்லத் தெளியும்போது. கலங்கல் எங்கே போனது என்று மாணவர்களைக் கேளுங்கள். தின்னப்பட்ட பாக்டீரியா பாரமீசியத்தின் உள்ளே உருண்டைக் குமிழிகளாகவே தெரியும். நாட்கணக்கு வெப்பத்தைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். வரிசை பெரும்பாலும் மாறாது.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. குளோரின் கலந்த குழாய்நீரை, புல்லைக் கொதிக்கவைத்தபின் விளாவுவது. புல்லை அள்ளிப் போடுவது: பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், ஜாடி கறுத்து நாறும், தின்ன வேண்டியவை மூச்சுமுட்டிச் சாகும். மூன்றாவது, இறுக்கி மூடுவது. இதன் பலனும் அதுவே.

எதுவும் சேர்க்காத ஜாடியும் கலங்கினால் சோதனை தோற்றதாக எண்ண வேண்டாம். புல்லில் இருக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் விதைத்துகளாக மாறிக் கொதிநீரிலும் தாக்குப்பிடிக்கும். ஃபெர்டினாண்ட் கோன் 1876-இல் காட்டியது இதுதான். அந்த ஜாடி கலங்கும், ஆனால் தின்ன ஆளில்லாமல் பெரும்பாலும் கலங்கியே கிடக்கும். இரண்டு ஜாடிகளையும் பத்தாம் நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கே: மீன்குளம் நல்ல பச்சையாக இருக்கிறது. ஆனால் விடியற்காலையில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. மதியம் சரியாகிவிடுகிறது. ஏன்?

ப: பச்சை அளவு மீறிவிட்டது. பாசி பகலில் ஆக்சிஜன் தரும். இரவில் எல்லோரையும் போல மூச்சுவிடும். அடர்ந்த குளத்தில் இரவு ஆக்சிஜனைத் தீர்ப்பதில் மீனின் பங்கு சிறிது, பாசியும் பாக்டீரியாவும் வண்டலும் எடுப்பதே பெரிது. 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் நிறைவாகப் பிடித்து வைக்கும். மதியம் அளந்தால் 15 காட்டும், விடியும் முன் 2 காட்டும். மதியம் மட்டும் அளப்பவர் ஏமாறுவது இங்கேதான். அளப்பதானால் சூரியன் எழும் முன் அளக்க வேண்டும். 3-க்குக் கீழே என்றால் அன்றே ஏதாவது செய்தாக வேண்டும்.

20 செ.மீ. விட்டத்தில் கறுப்பு வெள்ளையாக நான்கு பாகம் தீட்டிய செக்கித் தட்டைக் கயிற்றில் இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழம் 30 முதல் 40 செ.மீ. என்றால் நல்லது. 20-க்குக் கீழே போனால் உரத்தையும் தீவனத்தையும் நிறுத்துங்கள், மேல்நீரில் ஒரு பங்கை மாற்றுங்கள், நள்ளிரவிலிருந்து விடியும் வரை ஏரேட்டரை ஓட்டுங்கள். சேற்றுக் கலங்கலும் தட்டை மறைக்கும். ஒரு கண்ணாடி தம்ளரில் நீரை எடுத்து வைத்தால் சேறு அடியில் படிந்து காட்டிக்கொடுக்கும்.

பாசிக்கொல்லி மட்டும் வேண்டாம். அத்தனை பாசியும் ஒன்றாகச் செத்தால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். ஆக்சிஜன் இரவு பகலாக இறங்கும், அம்மோனியா ஏறும். மருந்தே போடாமல் பச்சைத் தண்ணீர் திடீரென்று பழுப்பாகித் தெளிந்தாலும் இதே ஆபத்துதான். மேகமூட்டமான இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்தால் அதை எதிர்பார்த்து ஏரேட்டரைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

கே: பாக்டீரியா திரவம் ஊற்றினால் தண்ணீர் சுத்தமாகும் என்கிறார்கள். பலன் உண்டா?

ப: எண்ணிக்கை சொல்லட்டும். ஒரு ஹெக்டேர் குளம், 1 மீட்டர் ஆழம் என்றால் 10,000 கன மீட்டர். மில்லிக்கு 10 லட்சம் வீதம் அதில் ஏற்கெனவே 100 கோடி கோடி பாக்டீரியா. ஒரு லிட்டர் புட்டியில் மில்லிக்கு 100 கோடி என்று அச்சிட்டிருப்பது அப்படியே உண்மையானாலும், ஊற்றுவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதையும் கசையிழை உயிரிகள் தின்னக் காத்திருக்கும். திறந்த குளத்தில் எங்கள் ஓட்டு ஏரேட்டருக்கே.

கிருமிநீக்கம் செய்த குஞ்சுப் பொரிப்புத் தொட்டியும் புதிய கண்ணாடித் தொட்டியும் வேறு. அங்கே இடம் காலி. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா மெதுவாகப் பெருகும், தானாக நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்கும் சிறந்த விதை, நோயில்லாத பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு. குளோரின் நீரில் அலசிவிட்டால் விதை செத்துவிடும்.

கே: தேக்கத்தில் பெயின்ட் ஊற்றியது போலப் பச்சை மிதக்கிறது. கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

ப: கூடாது. நீலப்பச்சை பாக்டீரியாவாக இருக்கலாம். மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை விடும் மைக்ரோசிஸ்டின் நஞ்சு கொதிநீரில் அழியாது. நீர் வற்றும்போது செறிவுதான் கூடும். குடிநீரில் மைக்ரோசிஸ்டின்–எல்ஆர் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில், ஈரி ஏரியில் படர்ந்த இந்த நஞ்சால் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குழாய்நீரைக் குடிக்கவும் கூடாது, காய்ச்சவும் கூடாது என்று சொல்லப்பட்டது.

கையுறை போட்டு ஒரு ஜாடியில் முக்கால்வாசி நீர் எடுத்து, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் அசையாமல் வையுங்கள். பச்சை, மேலே வளையமாகச் சேர்ந்தால் சந்தேகம் பலம். செல்லுக்குள் இருக்கும் வாயுப் பைகள் அதைத் தூக்குகின்றன. அடியில் படிந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. நீரில் கலந்தே நிற்கும் நீலப்பச்சை வகைகளும் உண்டு, ஆகவே 'மிதக்கவில்லை, குடிக்கலாம்' என்று முடிவுகட்ட வேண்டாம்.

டாஃப்னியா ஏன் இதைத் தின்று தீர்ப்பதில்லை? சளியால் ஒட்டிய கூட்டம் அதன் வாய்க்குப் பெரிது, இழையாக வளர்வது சல்லடையை அடைக்கும். வேரில் நிறுத்த வேண்டியது பாஸ்பரஸை. கனடாவின் ஒன்டாரியோவில் 226-ஆம் எண் சோதனை ஏரியை 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் குழு திரைபோட்டு இரண்டாக்கியது. இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் ஊற்றினார்கள். பாஸ்பரஸும் சேர்த்த பக்கம் மட்டும் பச்சை கட்டியது.

கே: துணியில் வடிகட்டினால் காலரா குறையும் என்பது நம்பும்படி இல்லையே? பாக்டீரியா துணியில் நிற்குமா?

ப: தனியாக நீந்தும் பாக்டீரியா நிற்காது. ஆனால் காலராக் கிருமி கோப்பிபாட்டின் ஓட்டிலும் முட்டைப் பையிலும் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழும். கோப்பிபாட்டைத் தடுத்தால் அதன் மேல் சவாரி செய்வதும் தடுக்கப்படும். ரீட்டா கால்வெல்லும் உடன் பணியாற்றியவர்களும் வங்கதேசக் கிராமங்களில் புடவைத் துணியை மடித்து வடிகட்டச் சொல்லிப் பார்த்தார்கள். காலரா ஏறத்தாழ 48 சதவீதம் குறைந்ததாக 2003-இல் வெளியிட்டார்கள்.

துணி பழைய பருத்தியாக இருக்க வேண்டும். துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து இடைவெளியை அடைத்திருக்கும். புதுத்துணியில் கண் பெரிது. நான்காக மடித்தால் 20 மைக்ரானுக்கு மேற்பட்டவை நிற்கும். வடித்தபின் துணியை நன்றாக அலசி வெயிலில் உலர்த்துங்கள். ஈரமாகச் சுருட்டி வைத்து, அடுத்த முறை உட்புறம் வெளிப்புறமாக மாற்றிப் போட்டால் நேற்றுப் பிடித்ததை இன்று குடத்தில் இறக்குகிறீர்கள். காய்ச்ச விறகோ குளோரினோ இருந்தால் வடித்தபின் அதையும் செய்துவிடுங்கள்.